கல்லுக்கு உள்ளே ஒரு சாண்

காஞ்சிபுரத்தில் அத்தி வரதரைக் குளத்திலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தார்களே, அந்த ஆடி மாதம் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் செங்கல் ஏற்றுகிற டிராக்டரில் நின்றுகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூட்டத்தில் செருப்புப் போன கதையைத்தான் அதிகம் சொன்னார்கள். நான் போகவில்லை. அதற்கு முந்தின தடவை, நாற்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்தவன் நான். அப்போது எங்கள் நைனா மாட்டு வண்டி கட்டி என்னையும் அக்காவையும் அழைத்துப் போனார். வழியில் ஒரு மாட்டுக்கு லாடம் கழன்று வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். அந்த நேரத்தில் அக்கா வேலியில் கோவைக்காய் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். சாமியைப் பார்க்கும்போதும் மடியில் கோவைக்காய்தான். என்ன வேண்டிக்கொண்டாய் என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"அவரே தண்ணிக்குள்ள கெடந்துட்டு வந்துகீறாரு. அவராண்ட போயி இன்னாத்த கேக்கறது" என்றாள்.

அவள் வாய் அப்படி. அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது என்று என் தம்பி இன்றைக்கும் சொல்கிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்ல ஆள் இல்லாததால் நான் சொல்கிறேன்.

அக்காவை ஐயங்கார்குளத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. பிள்ளை இல்லை என்று சொல்லி எட்டு வருஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பினது என்றால் பேசி, பெரியவர்களை வைத்து அனுப்பினது இல்லை. காலையில் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரும்போது அவள் டிரங்குப் பெட்டி தெருவில் இருந்தது. குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். அந்த வருஷம்தான் நைனா கூரை வீட்டைப் பிரித்து ஓட்டு வீடு கட்டினார். செய்யாற்று மணலை வண்டியில் கொண்டுவந்து தெருக்கோடியில் கொட்டுவார்கள். அங்கிருந்து கூடையில் சுமந்தது அக்கா. சுவருக்குத் தண்ணீர் ஊற்றினதும் அவள்தான். வடக்குப் பக்கத்து அறையை நைனா அவளுக்கு என்று விட்டார். எழுத்தில் விடவில்லை, வாயால் விட்டார். எழுதின அன்றைக்கு எனக்கு நிலம், தம்பிக்கு வீடு என்று எழுதிவிட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்தேன். நிலம் என் கையில் நிற்கவில்லை. வீடு தம்பி பேரில் நின்றது. தம்பி தாம்பரத்தில் ஆபீஸ் வேலைக்குப் போய் அங்கேயே பிளாட் வாங்கிவிட்டான். என் பெண்சாதி போன பிறகு ஊரில் நானும் அக்காவும் மட்டும்தான் அந்த வீட்டில் இருந்தோம்.

அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு எழுந்து நடக்கவில்லை. நாடாக் கட்டில், ஒரு சொம்பு, ஒரு சின்ன ரேடியோ. ஏதாவது வேண்டுமென்றால் சொம்பால் கட்டில் கம்பியில் தட்டுவாள். நான் போவேன். கஞ்சி கொடுப்பேன், துடைப்பேன், புரட்டிப் போடுவேன். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"ஒரு வூட்ல இருந்து பொட்டியோட அனுப்ச்சாங்க. இந்த வூட்ல இருந்து பொணமாத்தான் போவேன். இந்த ரூம்புலதான் சாவேன்."

இதுதான் விஷயம். அவள் அந்த அறையில் சாக வேண்டும். தம்பி அந்த வீட்டை விற்க வேண்டும்.

வாங்க வந்தவர் செங்கல் சூளை வைத்திருப்பவர். மகனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார். மகனையும் மருமகளையும் தனி வீட்டில் வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டைக் கேட்டார். ஆடியில் பத்திரம் போட மாட்டார்கள் இல்லையா, அதனால் ஆடியில் வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு என்று பேச்சு.

வீடு பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் தம்பி முன்னாலேயே வந்துவிட்டான். நான் என் வயதில் அவன் அவ்வளவு வேலை செய்து பார்த்ததில்லை. நடு அறைச் சுவரில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு விரிசல். அதில் சிமெண்ட் பாலை ஊற்றி, மேலே சுண்ணாம்பு அடித்தான். அது காய்கிறதற்குள் திரும்ப வாய் திறந்தது. உடனே இரும்பு பீரோவை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினான். பின்கட்டு நிலைப்படியைக் கறையான் அரித்திருந்தது, எங்கள் பேச்சில் செதல். செதலைத் தட்டிவிட்டு மெழுகு அடைத்து, பழுப்பு பெயிண்ட் பூசினான். கிணற்றில் தவளை செத்து மிதந்தது, அதை வாரிப் போட்டான். சாம்பிராணி வாங்கி வந்து அறை அறையாகக் காட்டினான்.

"ண்ணா, வேட்டிய மாத்திக்க. அவங்க இன்னா கேக்கறாங்களோ அதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா ஒண்ணும் வாய தொறக்காத. செதல் கீதான்னு கேட்டா மட்டும் சொல்லு."

"கேட்டா கீதுன்னு சொல்லிடட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீ கம்முனு கெட."

அப்புறம் வடக்கு அறைக்கு வந்தான். அக்கா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ரேடியோவை அணைத்தான்.

"யக்கா, ஒரு மணி நேரந்தான். சத்தம் போடாத கெட. வரவங்களாண்ட இது சாமான் ரூம்புன்னு சொல்லிகீறேன்."

"சாமானுக்கு கஞ்சி யார்டா ஊத்துவா" என்றாள் அக்கா.

அவன் கதவைச் சாத்தி, வெளியே பூட்டு போட்டான். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

வந்தவர்கள் மூன்று பேர். சூளைக்காரர், ஒரு கொத்து மேஸ்திரி, ஒரு ஜோசியர். ஜோசியருக்கு வாஸ்து வேலையும் உண்டு. வாசலில் நின்று எங்கே சூரியன் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மேஸ்திரி கையில் ஒரு சின்ன சுத்தியல், ஒரு கூர்க் கம்பி. சுவரில் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தரையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்திக்கொண்டு பார்த்தார். ஓட்டைக் கம்பால் குத்தினார். ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. ஜோசியர் அதற்கும் ஒரு பலன் வைத்திருந்தார், தம்பி கேட்கிற நிலையில் இல்லை. சுவர் திடமாக இருக்கிறது என்று மேஸ்திரி தலையாட்டிக்கொண்டு நடு அறையைத் தாண்டினார். தம்பி முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்போது பூட்டின கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மேஸ்திரி. அந்த பீரோவ நவுத்திப் பாரு."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். சூளைக்காரர் தம்பியைப் பார்த்தார்.

"இன்னாபா, சாமான் ரூம்பு பேசுது."

பீரோவை நகர்த்தினார்கள். விரிசலுக்குள் மேஸ்திரியின் சுண்டுவிரல் போனது. அதற்குப் பிறகு அக்காவை நிறுத்த முடியவில்லை. பின்கட்டு நிலையைக் கம்பியால் குத்து என்றாள். குத்தினார், கம்பி வெண்ணெயில் போகிற மாதிரி போனது. மழைக்கு மூலை ஓடு ஒழுகும், சட்டி வைத்துப் பிடிப்போம் என்றாள். கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் உப்புக் கரிக்கும் என்றாள். உள்ளே படுத்தபடியே, பூட்டுக்குப் பின்னாலிருந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கரெக்ட்டுமா" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"கதவ தொறப்பா" என்றார் சூளைக்காரர்.

திறந்ததும் ஜோசியர் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி உள்ளே போய்ச் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். கட்டில் குறுக்கே இருந்தது. தம்பியும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அக்கா மேலே படுத்திருக்க, கட்டிலைத் தூக்கி எதிர்ச் சுவரோரம் வைத்தார்கள். அரிசி மூட்டையை நகர்த்தினால்கூட, பார்த்து என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். மேஸ்திரி கட்டில் இருந்த இடத்தில் தரையைத் தட்டிப் பார்த்து, இங்கே ஈரம் இல்லை என்றார்.

சூளைக்காரர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். கோபக்காரர் இல்லை, மெதுவாகத்தான் பேசுவார்.

"விரிசல பூசிக்கலாம். செதல் கட்டைய மாத்திக்கலாம். ஓடு பிரிச்சி வேற போட்டுக்கலாம். இத இன்னாபா பண்றது?"

"டாக்டர் பாத்தாரு முதலாளி. இந்த மாசம் தாண்டாதுன்னு சொல்லிட்டாரு" என்றான் தம்பி.

"எந்த டாக்டர்டா? நான் பாக்கலியே" என்றாள் அக்கா.

"தாண்டிட்டா?" என்றார் சூளைக்காரர். அக்கா சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "புதுசா கல்யாணம் ஆன பொண்ண கொண்டாந்து இங்க வெக்கணும். நாள பாத்துக்கினு குந்த முடியுமா?"

"பதிவு ஆன அன்னிக்கே தூக்கிடறேன் முதலாளி."

அக்கா முழங்கையை ஊன்றிக்கொண்டு தலையைத் தூக்கினாள். அவள் அப்போது சொன்னதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சொன்னாள்.

"எப்ப போவேன்னு டாக்டர கேக்காத, என்ன கேளு. நான் ரேடியோல பஞ்சாங்கம் கேட்டுக்கினுதான் கீறேன். ஆடி கடைசில அவிட்டம் வருது. அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் அஞ்சு நாளு. அதுல ஒரு நாள பாத்து, இதே கட்டில்ல, இதே ரூம்புல போவேன். ஆறு மாசம் பூட்டு போட்டுக்கினு வெளிய நில்லுங்க எல்லாரும்."

எங்கள் பக்கத்தில் இதை அடைப்பு என்பார்கள். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, இந்த ஐந்து நட்சத்திரத்தில் வீட்டில் ஒருவர் செத்தால் அந்த வீட்டை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். வேறு சில நட்சத்திரங்களுக்கு ரெண்டு மாதம், மூணு மாதம் என்று உண்டு. ஆறு மாதம் என்பது இந்த ஐந்துக்குத்தான். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக்கூடாது, பின்சுவரை இடித்து எடுப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகாத காலத்தில் மேலத் தெருவில் ஒரு கிழவர் சதயத்தில் போனார். ஆறு மாதம் பூட்டினார்கள். நடுவில் மழை பிடித்து, இடித்த சுவர் வழியாகத் தண்ணீர் போய், அவர்கள் திரும்பி வந்தபோது உத்திரம் மட்டும்தான் நின்றது. உள்ளே ஆடு குட்டி போட்டிருந்தது.

அக்கா அவர்களைப் பயமுறுத்தத்தான் சொன்னாள். அடைப்பு என்று கேட்டால் வாங்க வந்தவன் ஓடிவிடுவான், வீடு நிற்கும், தானும் நிற்கலாம் என்று கணக்குப் போட்டாள். எங்களை மாதிரி ஆட்கள்தான் அப்படிக் கணக்குப் போடுவோம். சூளைக்காரர் ஓடவில்லை. ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் துண்டை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"அந்த அஞ்சு நாள் இந்த அம்மா வூட்ல இல்லன்னா வூட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப அதான்" என்றார் சூளைக்காரர். "அந்த அஞ்சு நாளும் வூடு சுத்தமா இருக்கட்டும். அப்பால பதிவு. இல்லன்னா எனக்கு வேற வூடு கீது."

ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமே என்று நான் கேட்டேன். நோவு ஒன்றுமில்லாத ஆளை எந்த ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பான் என்றான் தம்பி. உன் பிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். பக்கத்து பிளாட்காரன் போலீசைக் கூப்பிடுவான் என்றான். காவாந்தண்டலத்தில் என் பெண் இருக்கிறாள். அவளைக் கேட்டேன். மருமகன் போனை வாங்கி, "மாமா, அத மட்டும் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டான். அவனைத் தப்பு சொல்ல முடியாது. இந்த ஐந்து நாளில் சாகப்போகிறேன் என்று தன் வாயால் சொன்னவளை எந்த வீட்டில் ஏற்பார்கள்?

அவிட்டத்துக்கு முந்தின நாள் காலையில் தம்பி சூளையிலிருந்து ரெண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னால் மாட்டுக் கொட்டாய் ஒன்று இருந்தது. மாடு இல்லை, விறகு இருந்தது. விறகைத் தள்ளி இடம் செய்து வைத்திருந்தான். கட்டிலைத் தூக்கினார்கள். அறைக் கதவைத் தாண்டும்போது அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழேதான் ஒன்றுமில்லை, கையில் பலம் இருந்தது. இழுத்துப் பார்த்தார்கள், விடவில்லை. தம்பி வந்து சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான், வளையல்காரன் கையை அமுக்கிப் பழைய வளையல் கழற்றுகிற மாதிரி, அவசரமில்லாமல். அவள் கத்தவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன இடுப்புல தூக்கிக்கினு ஏரிக்கரை எல்லாம் சுத்துனேன்டா. அப்ப ஒரு தபா கை நழுவி வுட்டிருக்கணும்" என்றாள்.

நான் வழியில் நின்றேன். தம்பி என் தோளில் கையை வைத்தான்.

"நீயும் வெளியதான் போவணும்ணா. மொதல்ல போறியா, அப்பால போறியா?"

நான் நகர்ந்தேன். நகரவில்லையென்றால் அந்த ரெண்டு ஆட்களும் நகர்த்தியிருப்பார்கள்.

அவிட்டம் கொட்டாயில் போனது. மறுநாள் சதயம். பத்திரத்துக்கு மனை அளவு எழுத மேஸ்திரி டேப்போடு வந்தார். முன்பக்கத்து எல்லைக் கல்லிலிருந்து பின்பக்கத்து எல்லைக் கல் வரைக்கும் நூல் பிடித்தார். நூல் கொட்டாய்க்கு அந்தப் பக்கமாகப் போனது. மேஸ்திரி நூலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"இதுவும் மனைக்குள்ளதான வருது?"

தம்பி ஜோசியருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"கொட்டா தனின்னு நெனச்சிக்கினியா?" என்றது ஜோசியர் குரல். "கல்லுக்குள்ள எது கீதோ எல்லாம் மனைதான்பா. கல்லுக்கு அந்தாண்ட வை."

பின்பக்கத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரிக் கால்வாய்ப் புறம்போக்கு. வேலிகாத்தான் முள்ளும் சேறும்தான். அங்கே ரெண்டு முள் மரத்துக்கு நடுவில் உரச் சாக்குத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி, கட்டிலைக் கொண்டுபோய் வைத்தார்கள். மேஸ்திரி நூலை வைத்துச் சரிபார்த்தார். கட்டில் கால் நூலில் படுகிறது என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள்.

அன்று மத்தியானம் மழை. தார்ப்பாயில் தேங்கின தண்ணீரை நான் கம்பால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நனைந்துகொண்டே கேட்டாள்.

"டேய். இங்க செத்தா சர்க்காருக்கு அடைப்பாடா? கலெக்டர் ஆபீச ஆறு மாசம் பூட்டுவாங்களா?"

பூரட்டாதி அன்று கஞ்சியை வேண்டாம் என்றாள். ஒரு வாய் வைத்தேன், துப்பிவிட்டாள். கட்டில் கம்பியில் தட்டுவதற்குச் சொம்பைத் தேடினாள். சொம்பு வீட்டுக்குள் இருந்தது. தட்ட வேண்டிய தேவையும் இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனாலும் தேடினாள். போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

உத்திரட்டாதி அன்று மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு மூச்சு வேறு மாதிரி வந்தது. மார்புக்குள்ளேயே நின்று நின்று வந்தது. தம்பி பத்திரம் எழுதுபவரைப் பார்க்க உத்திரமேரூர் போயிருந்தான்.

"தம்பி" என்று என்னைக் கூப்பிட்டாள். என்னை டேய் என்றுதான் கூப்பிடுவாள். "ரூம்பு வேணாம். கல்லுக்கு உள்ள இஸ்து வுடு. அது போதும்."

பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டேன். முறையில் எனக்கு மருமகன் ஆகிறவன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்க பங்காளி பேஜார்ல என்ன இஸ்து வுடாத மாமா" என்று உள்ளே போய்விட்டான். அதனால் நானே இழுத்தேன். தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக. கட்டில் கால் உழுதுகொண்டே வந்தது. ஓர் இடத்தில் எனக்குக் கண் இருட்டியது.

"மெதுவாடா. நீ போய்ச் சேந்துட்டா உனக்கு வேற ஒரு கட்டில் தேடணும்" என்றாள்.

தலைமாடு கல்லைத் தாண்டியது. அதற்கு மேல் வரவில்லை. கால்மாட்டுக் கால் ரெண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. தூக்கிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. குடையைப் பிரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தல எங்க கீது?"

"உள்ள கீது."

"காலு?"

"வெளியதான் கீது."

"போனா போவட்டும். அது செத்து ரெண்டு வருசம் ஆச்சி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பொழுது சாய்கிறதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். தலை கல்லுக்கு உள்ளே இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தம்பி மேஸ்திரியோடு மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான். அழுவான் என்று நினைத்தேன். கட்டில் நிற்கிற இடத்தைத்தான் முதலில் பார்த்தான்.

"இங்க யாரு இஸ்தாந்தது?"

"நான்தான்."

"எப்ப போச்சி? இஸ்துக்கினு வந்த அப்பறமா, அதுக்கு முன்னாடியா?"

"அப்பறம்."

மேஸ்திரி பையிலிருந்து நூலை எடுத்தார். கல்லுக்குக் கல் கட்டினார். நூல் அக்காவின் கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே போனது. குனிந்து பார்த்து, கையால் அளந்து, "தல ஒரு சாண் உள்ள கீது" என்றார். பீரோவுக்குப் பின்னால் விரிசல் பார்த்த அன்று எப்படிச் சொன்னாரோ, அதே குரலில் சொன்னார். "உசுரு மூக்கு வழியாத்தான போவும்? மூக்கு உள்ளதான் கீது."

"இஸ்" என்றான் தம்பி.

ரெண்டு பேரும் கால்மாட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் அக்காவின் தலை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. நான் போய் நேராக வைத்தேன்.

ஜோசியரும் சூளைக்காரரும் வந்தார்கள். உயிர் எங்கே போனது என்று ஜோசியர் கேட்டார். வெளியே என்றான் தம்பி. உள்ளே என்றேன் நான்.

"அண்ணனுக்கு வயசாயிடிச்சி. கொஞ்சம் கலங்கிப் போயி கீறாரு" என்றான் தம்பி. மேஸ்திரி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சேற்றில் கட்டில் கால் உழுத கோடு கல்லைத் தாண்டி உள்ளே வரைக்கும் தெளிவாக இருந்தது. ஜோசியர் அதைப் பார்த்தார். படித்தவர், அவருக்குத் தெரியாமல் இருக்காது. நாலு எட்டு வைத்து, செருப்புக் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்தார். தேய்த்துவிட்டு, "வெளியதான். வூட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அவள் தண்ணீர் இறைத்த கிணற்றடியிலேயே குளிப்பாட்டலாம், உள்ளே தூக்குங்கள் என்று நான் கேட்டேன்.

"உள்ள கொண்டாந்தா வெளிய செத்ததுன்னு யாருண்ணா நம்புவா?" என்றான் தம்பி.

முள்ளுக்கு நடுவில் புடவையை மறைப்பாகக் கட்டி, அங்கேயேதான் பொம்பளைகள் குளிப்பாட்டினார்கள். நான் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கால்வாய்க்கரை வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆவணியில் பத்திரம் ஆனது. நான் காவாந்தண்டலத்தில் பெண் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வீட்டில் இப்போது சூளைக்காரர் மருமகள் இருக்கிறாள். நல்ல பெண். போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளாகவே என்னிடம் வந்தாள்.

"தாத்தா, அது உங்க வூடாமே. அங்க யாருனா செத்துகீறாங்களா? கொழந்த பின்னாடி போனாலே அழுவுது. எங்க மாமா ஒர்த்தரும் இல்லன்னு சாதிக்கிறாரு."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புருஷன்காரன் பைக்கில் வந்து நின்று, "அந்தாளு ஒரு மாதிரி. ஏறு" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தத் தெருவுக்குப் போனால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அவளைப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கில்லை. வாங்கின பொருளில் என்ன இருக்கிறது என்று வாங்கினவர்களுக்குத் தெரிய வேண்டும். விரிசலும் செதலும் அவர்களுக்குத் தெரியும், அதை அக்காவே காட்டிவிட்டாள். இது ஒன்றுதான் பாக்கி. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், மாமனார் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். பின்பக்கத்துக் கல்லுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி, உத்திரட்டாதி அன்று, பொழுது சாய்கிற நேரம், இந்த வீட்டுக்கு மணல் சுமந்த ஒருத்தி செத்தாள் என்று சொல்லிவிடுங்கள்.